புது ஹிமாலயன் 450: எதை இப்பவே போடறது, எதை அப்புறம் போடறது

குழு: நம்ம குடும்பம் – கோவை

கவின்: மாமா, நாளைக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் புக் பண்றேனுங்க. ஷோரூம்ல பெரிய லிஸ்ட் குடுத்திருக்காங்க. ட்யூப்லெஸ் ஸ்போக் வீல், லோ சீட், வண்டி விழுந்தா அடிபடாமக் காக்கற க்ராஷ் கார்டு, பக்கவாட்டுல மாட்டற அலுமினியப் பெட்டி, எக்ஸ்ட்ரா லைட், உயரமான விண்ட்ஸ்கிரீன். எல்லாம் போட்டா பட்ஜெட் தாண்டுது. எதை விடலாம்?

முத்து மாமா: ட்யூப்லெஸ்ஸ மட்டும் விட்றாத மாப்ள. மத்ததெல்லாம் ஆறு மாசம் கழிச்சும் மாட்டிக்கலாம். வீல அப்புறம் மாத்தினா கழட்டி மாட்டற கூலி தனி, பழைய ரிம் ரெண்டும் வீட்ல சும்மா கெடக்கும்.

கவின்: பஞ்சர் கடை எங்கயும் இருக்குது, ட்யூப் வீலே போதும்னு ஃப்ரெண்ட் சொல்றானே?

முத்து மாமா: ஆழியாறு தாண்டி வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி. அதுல எத்தன வளைவுல கடை இருக்குது? ட்யூப்ல ஆணி ஏறினா காத்து பொசுக்குன்னு எறங்கிரும், வளைவுல வண்டி ஆடும். அப்புறம் 196 கிலோ வண்டிய நிறுத்தி, சக்கரத்தக் கழட்டி, லீவர் போட்டு ட்யூப உருவோணும். ட்யூப்லெஸ்ல காத்து மெதுவாத்தான் கசியும், சக்கரத்தக் கழட்டவே வேண்டாம்.

சுதா அக்கா: ஸ்போக் வீல் எப்படி ட்யூப்லெஸ் ஆகுதுன்னு பாத்துக்கோ கவின். சாதா ரிம்ல ஸ்போக்க இறுக்கற நிப்பிள் ரிம்மோட நடுவுல ஓட்ட போட்டு உள்ள வருது, அது வழியா காத்து போயிரும். இதுல ஸ்போக் ரிம் ஓரத்துல மாட்டிருக்கும், காத்து நிக்கற பள்ளத்துல ஓட்டையே கிடையாது. சாதா ரிம்ல டேப் ஒட்டி ட்யூப்லெஸ் ஆக்கித் தரேன்னு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாத.

முத்து மாமா: பஞ்சர் கிட் சீட்டுக்கு அடியில வெச்சுக்கோ. காத்தடிக்கற கம்ப்ரஸர், பசை, ஓட்டைய அடைக்கற பிளக் திரி எல்லாம் வெளிய எடுத்து வெச்ச பொறகுதான் ஆணியப் புடுங்கோணும். ஓட்டையச் சுரண்டற ரீமர ஏழெட்டு தடவ உள்ள விட்டு முறுக்கு. திரிய ஊசியில கோத்து, பசை தடவி முக்காவாசி உள்ள தள்ளி, ஊசிய வெடுக்குன்னு இழு. வெளிய நிக்கறத 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டு. காத்தடிச்சு எச்சி தொட்டு வை, குமிழ் வரக்கூடாது. இது டயர் நடுவுல ஏறின ஆணிக்குத்தான். பக்கச்சுவர் கிழிஞ்சாலோ, கல்லுல அடிச்சு ரிம் ஓரம் நசுங்கினாலோ பிளக் உதவாது. அதுக்கோசரம் 21 இஞ்ச் ட்யூப் ஒண்ணு பையில கெடக்கட்டும். அவசரத்துக்கு பின்னாடி 17லயும் போட்டு, கடை வரைக்கும் மெதுவா ஓட்டிப் போயிரலாம்.

கவின்: சரிங்க மாமா. லோ சீட்? நான் 165 செ.மீ. தானே.

சுதா அக்கா: வர்ற சீட்டே 825, 845 மில்லிமீட்டர்னு ரெண்டு உயரத்துல மாட்டலாம். கீழ் நிலையில வெச்சு, ஓட்டறப்ப போடற பூட்ஸ் போட்டு ஏறிப் பாரு. ரெண்டு காலும் முழுசாப் பதியணும்னு இல்ல, ரெண்டு பக்கமும் முன்பாதம் பதிஞ்சாலே போதும். லோ சீட் 20 மில்லி எறக்கும், ஆனா மெத்தை குறையும். 300 கி.மீ. தாண்டினா இடுப்பு சொல்லும். சஸ்பென்ஷன் லிங்க் மாத்தி வண்டிய எறக்கற வேலை மட்டும் வேண்டாம். சைட் ஸ்டாண்ட் அதே நீளத்துல இருக்குமில்ல, வண்டி நேரா நின்னு லேசா தட்டினாலே ஸ்டாண்டுக்கு எதிர்ப் பக்கம் சாஞ்சிரும்.

முத்து மாமா: க்ராஷ் கார்டு முதல் நாளே போடு. புது வண்டிய ஓட்டிப் பழகறப்பதான் நின்ன எடத்துல கீழ போடுவாங்க, ரேடியேட்டர் அடி வாங்கினா பயணமே போச்சு. மாட்டறப்ப பக்கத்துல நில்லு. எல்லா போல்ட்டையும் கையால நாலு சுத்து ஏத்தின பொறகுதான் ஸ்பேனர் போடோணும். ஒரு பக்கம் முழுசா இறுக்கிட்டா கடைசி ஓட்டை நேரா நிக்காது. அதை அடிச்சு ஏத்தினா மரை போயிரும். 100 கி.மீ. ஓடினதும் திரும்ப ஒருக்கா இறுக்கிக்கோ.

கவின்: லைட்டும் பெட்டியும்?

சுதா அக்கா: பெட்டி இப்ப வேண்டாம். மொதல்ல ரெண்டு நாள் பயணம் ரெண்டு போய்ட்டு வா, எவ்வளவு சாமான்னு தெரிஞ்சிரும். மண் ரோட்டுல விழுந்தா அலுமினியப் பெட்டிக்கு அடியில கால் மாட்டும், துணிப் பைதான் நல்லது. வலது பை சைலன்சரத் தொடாம, பையத் தாங்கற கம்பி (ரெயில்) போடணும், தொட்டா உருகிரும்.
லைட்டுக்குக் கணக்கு பாரு. 40 வாட் ரெண்டு போட்டா 80, அதை 12ஆல வகுத்தா ஏழு ஆம்பியர் கிட்ட. ஹெட்லைட் வயர்ல இருந்து எடுத்தா அந்த வயர் தாங்காது. பேட்டரில இருந்து நேரா எடுத்து, பேட்டரி பக்கத்துலயே 10 ஆம்பியர் ஃப்யூஸ், அப்புறம் சின்ன கரண்ட்ல பெரிய கரண்ட ஆன் பண்ற ரிலே. சாவி ஆன் பண்ணாத்தான் எரியற மாதிரி கனெக்‌ஷன் குடு. கம்பெனி வயர வெட்டினா வாரண்டிக்குப் பிரச்சனை, வெட்டாம சொருகற கப்ளர் போட்டுத் தரச்சொல்லு. மலையில பனிக்கு மஞ்சள் லைட் வாங்கு, வெள்ளைய விட கண்ணு கூசறது கொறைவுன்னு சொல்றாங்க.

முத்து மாமா: விண்ட்ஸ்கிரீன் 90 கி.மீ. வேகத்துல ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணு. காத்து நெஞ்சுல அடிச்சா சமாளிக்கலாம், ஹெல்மெட் ஆடுச்சுன்னாதான் தொல்லை.

பெரியப்பா: கண்ணு, வண்டி பில் வேற, ஆக்சஸரீஸ் பில் வேற வாங்கு. ஆயுள் வரி 12 சதவீதம் வண்டி விலைக்குத்தான். இன்சூரன்ஸ் ஷோரூம்லயே எடுக்கோணும்னு கட்டாயம் இல்ல, வெளிய ரெண்டு எடத்துல ரேட் கேளு. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கட்டாயம் போடு. க்ராஷ் கார்டு, லைட் எல்லாம் பாலிசில எழுதச் சொல்லு. எலக்ட்ரிக் சாமானுக்கு மதிப்புல 4 சதவீதம் கூட பிரீமியம் வரும். எழுதலைன்னா விபத்துல அதுக்குக் காசு வராது.

கவின்: சரிங்க பெரியப்பா. வண்டி வந்ததும் என்ன பாக்கணும் மாமா?

முத்து மாமா: ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னாடி பாரு, நம்பர் விழுந்துட்டா திருப்ப முடியாது. சக்கரத்தச் சுத்திவிட்டு ரிம் ஆடுதான்னு பாரு. முன் சக்கரத்தத் தாங்கற ஃபோர்க் குழாய்ல எண்ணெய்க் கோடு இருக்கக்கூடாது. டயர் பக்கச்சுவர்ல நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

கவின்: டிஸ்ப்ளே வண்டில 2225ன்னு இருந்துச்சுங்க.

முத்து மாமா: 2025ல 22வது வாரம், மே கடைசி. உன் வண்டில முன் டயர், பின் டயர் ரெண்டையும் ஃபோட்டோ எடுத்து இங்க போடு, பாத்துட்டு சொல்றேன். அதுக்கு முன்னாடி மீதிப் பணத்தக் கட்டாத.