மறு: வாட் எண்ணுக்கு ஒரு சொல் – ‘குறிதிறன்’ தகுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மின்கருவியின் அடியில் பொறித்திருக்கும் வாட் எண்ணைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற உரையாடல் இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். சென்னை நண்பர் ‘மதிப்பீட்டுத் திறன்’ என்கிறார்; அவருக்குப் பின் எழுதியவர் ‘பெயரளவுத் திறன்’ என்கிறார். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை. மதிப்பீடு என்றால் ஒருவர் பார்த்துத் தோராயமாகச் சொல்வது. பெயரளவு என்பதைக் கேட்கவே வேண்டாம். பெயரளவுக்கு ஒரு கூட்டம், பெயரளவுக்கு ஒரு தலைவர் என்றுதான் பேசுகிறோம். வாட் எண் அப்படிப்பட்டதன்று. அது மெய்யான கணக்கு, ஆனால் ‘இன்ன மின்னழுத்தத்தில் இவ்வளவு’ என்ற நிபந்தனையோடு சொன்ன கணக்கு. அந்த நிபந்தனையை நாம் ஆக்கும் சொல்லே காட்ட வேண்டும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மின்கருவிகளைப் பழுது பார்க்கிறேன். கடைக்கு வரும் மின் கெட்டில்களைக் கவிழ்த்தால் பலவற்றில் ‘220–240 வோல்ட், 1850–2200 வாட்’ என்று இருக்கும். இரண்டு வாட் எண்களைக் கண்டதும், சூட்டைக் கூட்டிக் குறைக்க எங்கோ ஒரு பொத்தான் இருக்கிறது என்று தேடுகிறவர்கள் உண்டு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன், வகுத்தால் மின்தடை. இவ்விரண்டையும் இணைத்தால், அழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்துத் தடையைக் கண்டுவிடலாம். 220-இன் வர்க்கம் 48,400. அதை 1850-ஆல் வகுத்தால் 26.16 ஓம். 240-இன் வர்க்கம் 57,600. அதை 2200-ஆல் வகுத்தால் 26.18 ஓம். இரண்டும் ஒரே சுருள்தான்! கெட்டிலுக்குச் சொந்தமானது அந்த 26 ஓம் மட்டுமே. வாட் என்பது சுவரிலிருந்து வரும் அழுத்தமும் சேர்ந்து பிறப்பிப்பது. மலேசியாவில் 2008 முதல் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் இதே கெட்டில் 8.8 ஆம்பியர் இழுத்து, ஏறத்தாழ 2020 வாட்டில் கொதிக்கும். அடியில் இருக்கும் இரண்டு எண்ணில் எதுவும் அன்று!

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசி வீட்டுக்குக் கம்பி நீண்டு போகும். போகிற வழியில் கம்பியின் தடையே அழுத்தத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். முதல் வீட்டு பல்பு பளிச்சென்று எரிய, கடைசி வீட்டில் மங்கலாக எரியும். 240 வரவேண்டிய இடத்தில் 200 வந்தால், ஆறில் ஐந்து பங்கு வருகிறதே என்று தோன்றும். ஆனால் திறன் வர்க்கத்தோடு போவதால் 36-இல் 25 பங்குதான் மிஞ்சும், அதாவது 69 விழுக்காடு. 2200 வாட் என்று வாங்கிய கெட்டில் 1530 வாட்டோடு நின்றுவிடும். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அந்த வீட்டார் குறைப்பட்டால், அவர்களுக்கு விளக்கிச் சொல்ல நம்மிடம் ஒரு சொல் வேண்டாமா?

என் பரிந்துரை ‘குறிதிறன்’. குறித்த அழுத்தத்தில் குறித்த திறன் என்று விரியும். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. ஆகவே நடுவில் ஒற்று மிகாது, ‘குறித்திறன்’ என்று எழுதிவிடக் கூடாது. இதன் உடன்பிறப்புகளும் தாமாகவே வந்துவிடுகின்றன: குறியழுத்தம், குறியோட்டம். ‘குறி’ என்றால் குறி சொல்வது நினைவுக்கு வரும் என்று யாரேனும் தயங்கலாம். குறிப்பு, குறியீடு, குறிக்கோள் என்று நாள்தோறும் எழுதும்போது வராத தயக்கம் இங்கே மட்டும் எதற்கு?

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வலிமை தெரியும். ‘ஒரே நீட்டுப் பலகையில் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகும் முன், குறிதிறன்களைக் கூட்டிக் குறியழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள்.’ கெட்டிலின் 2200-உம் இஸ்திரிப் பெட்டியின் 1200-உம் சேர்ந்து 3400 வாட்; அதை 240-ஆல் வகுத்தால் 14 ஆம்பியருக்கு மேல். பிளக்கில் இருப்பதோ 13 ஆம்பியர் பியூஸ். எச்சரிக்கையும் கணக்கும் ஒரே வரியில் அடங்கிவிட்டன.

இழை பல்புக்கு இன்னும் கவனம் தேவை. 240 வோல்ட்டில் 60 வாட் என்றால் தடை 960 ஓம். அணைந்து ஆறிய பல்பை மீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது, ஏனெனில் டங்ஸ்டன் இழை சூடேறும்போதுதான் தடை அத்தனை உயர்கிறது. குறிதிறனிலிருந்து பெறும் தடை, கருவி வேலை செய்யும் நிலையில் உள்ள தடை. இதைப் பாடநூலில் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்து ஐயா ‘திறன்’ வேண்டாம், ‘வலு’ என்றே வைப்போம் என்று எழுதியிருந்தார். ஐயா, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்கள் தமிழ்ப்பள்ளியில் ‘அறிவியல் செயற்பாங்குத் திறன்’ என்று படிக்கும் பிள்ளைக்குத் திறன் என்றால் ஒன்றைச் செய்யத் தெரிந்திருத்தல். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடம் மலாய்க்கு மாறி, ‘குவாசா’ என்று அதிகாரத்தையும் வாட்டையும் சேர்த்துக் குறிக்கும் சொல் வந்துவிடுகிறது. வீட்டிலோ எல்லாமே ‘கரண்டு’. இந்தப் பிள்ளைக்கு ‘வலு’ எளிதில் பிடிபடும். ஈழத்தில் குறிவலு, தமிழகத்தில் குறிதிறன் என்று இருந்துவிட்டுப் போகட்டும். ‘குறி’ பொதுவாக இருந்தால் ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்கும். மலேசியாவுக்கு நான் குறிவலுவுக்கே வாக்களிப்பேன்.

இன்னும் ஒன்று தீரவில்லை. 220–240 என்று எல்லை கொடுக்கும் இடத்தில் ‘குறியழுத்த வீச்சு’ எனலாமா? மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவுக்கும் ‘வீச்சு’ என்ற சொல் புழங்குவதால் தயங்குகிறேன். ‘குறியழுத்த எல்லை’ என்பது என் மாற்று யோசனை. மின்பொறியியல் கற்பிக்கும் நண்பர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து