முதலாமாண்டு பைதான் வகுப்பு: முதல் நாளே என்ன விதிகளைச் சொல்லிவிடலாம்?

கேள்வி – ஜங்ஷன் ரோடு

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. இந்த செமஸ்டர் முதலாமாண்டு பைதான் (புரோகிராம் எழுதும் மொழி) தியரியும் லேபும் என் பொறுப்பு. 60 பேர், இரண்டு பேட்ச். வருகைப்பதிவு 75 சதவீதம், இன்டர்னல் மார்க் தியரிக்கு 40, லேபுக்கு 60 என்பதெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷனிலேயே இருக்கிறது. அதில் நான் கை வைக்க முடியாது. மற்றதை ஒரே பக்கத்தில் அச்சடித்து முதல் வகுப்பிலேயே கொடுத்துவிட விரும்புகிறேன்.

என் குழப்பம் இவைதான்: காப்பியையும் சாட்ஜிபிடியையும் எப்படிக் கையாள்வது? தாமதமாகக் கொடுப்பவர்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது? பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்து, கீபோர்டையே தொடாமல் வருபவர்களிடம் என்ன எதிர்பார்ப்பது? ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். லேப் காலை முதல் பீரியட்.

பதில் 1 – லேப் இன்சார்ஜ்

சார், "காப்பி அடித்தால் பூஜ்யம்" என்று எழுதுவதால் ஒன்றும் நடக்காது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நிரூபிப்பதிலேயே செமஸ்டர் முடிந்துவிடும். மார்க்கை புரோகிராமுக்குக் கொடுக்காதீர்கள், அதை மாற்றத் தெரிவதற்குக் கொடுங்கள். ஒரு பயிற்சிக்கு 10 மார்க் என்றால், அப்சர்வேஷன் நோட்டில் கையால் எழுதிய அல்காரிதத்துக்கு (படிப்படியான செய்முறைக்கு) 2, ஓடினால் 3, நீங்கள் சொல்லும் ஒரு சின்ன மாற்றத்தை உங்கள் கண்ணெதிரே செய்தால் 5.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியின் எடை 180 கிராம், 3 ஜோடி, மொத்த எடை என்ன? பைதானில் இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்காகத்தான் (எண்ணாக அல்ல, வெறும் எழுத்தாக) வரும். எடை, ஜோடி இரண்டையும் அப்படியே பெருக்கினால் டைப் எரர். ஜோடிக்கு மட்டும் இன்ட் (முழு எண்ணாக மாற்றுவது) போட்டால் எரரே வராது. விடை 180180180 என்று நிற்கும். இரண்டுக்கும் போட்டால் 540. இப்போது "எடை 180.5 என்று கொடு" என்று சொல்லுங்கள். இன்ட் அதை ஏற்காது, வேல்யூ எரர் வரும். தானே எழுதிய பிள்ளை எந்த வரியில் ஃப்ளோட் (தசம எண்ணாக மாற்றுவது) போட வேண்டும் என்று உடனே அங்கே போகும். நண்பனிடம் வாங்கியது என்றால் முதல் வரியிலிருந்து தேடும். மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு. 30 பேருக்கு ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 90 நிமிடம்; இரண்டு பீரியட் அதிலேயே போய்விடும். வாரம் 10 பேரை மட்டும் கேளுங்கள், மூன்று வாரத்தில் ஒரு சுற்று. அந்த வாரம் கேட்காதவர்களின் 5 மார்க்கை அடுத்த முறை கேட்கும்போது சேர்த்துப் போடலாம். வரிசையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ரெக்கார்டில் கையெழுத்து, உங்கள் முன்னால் ஓடிய பிறகுதான். இல்லாவிட்டால் சீனியரின் ரெக்கார்டு அப்படியே, தப்பான அவுட்புட்டோடு, வந்து சேரும்.

பதில் 2 – அஸ்தம்பட்டி ஆசிரியை

சாட்ஜிபிடி பற்றி: முழுத் தடை வீட்டில் செல்லாது, முழு அனுமதியும் ஆபத்து. ஃபார் லூப், வைல் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பவை), ஃபங்ஷன் மூன்றும் கைவரும் வரை, அதாவது முதல் ஐந்தாறு வாரம், லேபில் செல்போன் பைக்குள். அதன் பிறகு எரருக்கு அர்த்தம் கேட்கலாம், புரோகிராம் எழுதித் தரச் சொல்லக் கூடாது. என்ன கேட்டார்கள், பதிலைப் பார்த்து எந்த வரியை மாற்றினார்கள் என்று அப்சர்வேஷன் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். காரணத்தையும் விதியோடு சேர்த்தே அச்சடியுங்கள்: செமஸ்டர் தியரி தேர்வில் பேப்பரும் பேனாவும்தான். சொந்தமாக 20 வரி எழுதிப் பழகாத கை அங்கே நின்றுவிடும்.

எரரைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும் என்பதையும் விதியாகவே வையுங்கள். எரர் பெயர் கடைசியில் இருக்கும், வரி எண் அதற்கு மேலே இருக்கும். இதைப் படித்துச் சொல்லாமல் "மேடம், வரலை" என்று கை தூக்கினால் போகாதீர்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் பிள்ளைகள் எரருக்குப் பயப்படாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, வேர்டு ஃபைலிலிருந்து ஒட்டிய புரோகிராமில் மேற்கோள் குறி வளைந்திருக்கும். பைதான் அதை ஏற்காமல் சின்டாக்ஸ் எரர் காட்டும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிவதால் அரைமணி நேரம் வீணாகும். ஆகவே லேபில் எல்லாவற்றையும் டைப்தான் செய்ய வேண்டும்.

பதில் 3 – கொண்டை ஊசி

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பாறை உருண்டு விழுந்தால் போதும், பஸ் நின்றுவிடும். அந்தப் பிள்ளையிடம் தினமும் காரணம் கேட்பது நியாயமில்லை. உங்களிடம் இரண்டு பேட்ச் இருப்பது வசதி: தவறவிட்ட லேபை அதே வாரத்தில் மற்ற பேட்ச்சோடு செய்யலாம், முந்தைய நாளோ அன்றோ தகவல் சொன்னால் போதும் என்று எழுதுங்கள். ஆனால் வருகைப்பதிவை அது தானாகச் சரிசெய்யாது. துறைத் தலைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அசைன்மென்டுக்கு ஒவ்வொருவருக்கும் செமஸ்டருக்கு மூன்று "தாமத நாள்". காரணம் கேட்க வேண்டாம். அது தீர்ந்தால் நாளுக்கு 2 மார்க் குறையும். விடையை வகுப்பில் விவாதித்த பிறகு வாங்கவே கூடாது.

தமிழ் மீடியம் பிள்ளைகள் முதல் மாதம் அல்காரிதத்தைத் தமிழில் எழுதட்டும். "எண் 2-ஆல் மீதியின்றி வகுபட்டால் இரட்டை" என்று எழுதத் தெரிந்தவனுக்கு இஃப் (நிபந்தனை) புரிந்துவிட்டது. வேரியபிளை மாறி என்றும் ஸ்டேட்மென்டைக் கட்டளை என்றும் விளக்கலாம். ஆனால் எரர் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம், திரையில் வருவது ஆங்கிலம்தான். நேம், டைப், வேல்யூ, இன்டென்டேஷன், இன்டெக்ஸ் என இந்த ஐந்து எரரையும் தமிழ் விளக்கத்தோடு லேப் சுவரில் ஒட்டுங்கள்.

ஜங்ஷன் ரோடு

மூவருக்கும் நன்றி. மாற்றிக் காட்டும் 5 மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: காப்பி கொடுத்தவனுக்கும் மார்க் குறைக்கலாமா?

லேப் இன்சார்ஜ்

தேவையில்லை சார். கொடுத்தவன் மாற்றிக் காட்டிவிடுவான், 5 வாங்குவான். வாங்கியவனால் முடியாது. அவனை அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுங்கள், அதே பயிற்சி, வேறு மாற்றம். அப்போது செய்தால் 3 கொடுங்கள்.