கீழத்தெரு வாசிப்புக் குழு: மதலேன் வந்த ஊர்

சனிக்கிழமை

ஜெயந்தி டீச்சர், மாலை 6:10
நாளைக்கு விக்டர் ஹ்யூகோவோட 'லே மிஸராப்ல' நாவல்ல மோந்த்ரேய்-சூர்-மேர் பகுதி மட்டும்தான் பேசறோம். பழைய கைதி ழான் வால்ழான், மதலேன்னு வேற பேர்ல வந்து தங்கற ஊர் அது. முழுசும் படிக்க நேரமில்லாதவங்க முதல் பாகத்துல 5ஆம் புத்தகத்தை மட்டும் முடிச்சிடுங்க. ஊர் விழுந்த கதை அங்க இல்ல, ரெண்டாம் பாகம் 2ஆம் புத்தகத்தோட முதல் அத்தியாயத்துல இருக்கு. அதையும் படிக்காம விட்டுடாதீங்க.

மலர், 6:14
டீச்சர், பேர்ல 'மேர்'னு கடல் இருக்கே, கடற்கரை ஊரா?

சுந்தரம் சார், 6:17
இல்லம்மா. ஒரு காலத்துல கான்ஷ் ஆத்து வழியா கப்பல் வந்துது. ஆறு மணல் மேடாகி, கடல் விலகிப் போச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு. ஹ்யூகோ 1837-ல அந்த ஊருக்குப் போயிருக்கார். இன்னொண்ணு, ஃபிரெஞ்சு மூலத்தோட பழைய பதிப்புல ஊர்ப் பேரை முழுசா போடாம 'எம். சூர் எம்.'னுதான் இருக்கும். அது வேற ஊரோன்னு குழம்பாதே.

மலர், 6:19
சரி சார். வந்தவன் யாருன்னே தெரியாம ஒரு ஊர் எப்படி ஏத்துக்கிச்சு? அப்ப பாஸ்போர்ட் இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாமே.

ஜெயந்தி டீச்சர், 6:24
அதுக்குத்தான் அந்த நெருப்பு. 1815 டிசம்பர், பொழுது சாயற நேரம், முதுகுல மூட்டை, கையில முள்மரத் தடி. உள்ள நுழையறப்ப நகர மன்றம் எரிஞ்சிட்டிருக்கு. பாஞ்சு போய் ரெண்டு பிள்ளைங்களைத் தூக்கிட்டு வரான். அதுங்க காவல் படைத் தலைவரோட பிள்ளைங்க. யார்கிட்ட பாஸ்போர்ட் காட்டணுமோ அவர் குழந்தைங்களையே காப்பாத்திட்டான், அப்புறம் யாரு கேப்பாங்க? பேரு மதலேன்னு தெரிஞ்சா போதும்னு விட்டுட்டாங்க. கதைக்குள்ள ஒரு அந்நியனை இறக்கறதுக்கு இதைவிடக் கச்சிதமான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கணேசன் (நகைப் பட்டறை), 6:41
டீச்சர், பாசிமணி விஷயத்தைத் தாண்டிடாதீங்க. எல்லாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிடறாங்க. ஊரோட வாழ்வே அதுலதான் இருக்கு.

ஜெயந்தி டீச்சர், 6:42
நீங்களே சொல்லுங்க கணேசன். தொழில் தெரிஞ்சவங்க சொன்னாதான் புரியும்.

கணேசன், 6:58
அந்த ஊர்ல ரொம்ப நாளா நடந்த வேலை போலி நகை. இங்கிலாந்துக் கருமணி, ஜெர்மனிக் கறுப்புக் கண்ணாடி, ரெண்டையும் பார்த்து அதே மாதிரி செய்யறது. மூலப்பொருள் விலை ஜாஸ்தி, அதனால தொழில் நொண்டிட்டுக் கிடந்துது. மதலேன் மாத்தினது ரெண்டே ரெண்டு.

ஒண்ணு ஒட்டு மெழுகு. முன்னாடி மரப்பிசினும் புகைக்கரியும் கலந்தாங்க, ராத்தல் 4 பிராங்க். இவர் அரக்கும் டர்பன்டைனும் போட்டார், 30 சூ. 20 சூ ஒரு பிராங்க், அப்ப ஒண்ணரை பிராங்க்தான். பிசின் குளிர்ல நொறுங்கும், தட்டினா உதிரும். அரக்கு கண்ணாடியையும் இரும்பையும் கவ்விப் பிடிக்கும்.

ரெண்டாவது, காப்புல ஓடுற தகட்டு வளையம். முன்னாடி அதைப் பத்தவெச்சாங்க. இவர் தகட்டோட ரெண்டு முனையையும் சும்மா நெருக்கி மடக்கி விட்டுட்டார்.

கணேசன், 7:04
இந்த ரெண்டாவது சின்ன விஷயம் இல்ல. பத்தவெக்கணும்னா வெங்காரம் தடவணும், உருகி ஒட்டுற உலோகப் பொடி வெக்கணும், ஊதுகுழல்ல ஊதணும். சூடு குறைஞ்சா பொடி ஓடாது, கூடினா மெல்லிசு தகடு கெட்டுப்போகும். அப்புறம் அரம் போட்டு ராவணும். வருஷக்கணக்கா கை பழகினவன்தான் செய்ய முடியும். மடக்கறதுக்கு ஒரு குறடு போதும், பத்து நாள்ல யாருக்கும் வந்துடும். பசின்னு வாசல்ல வந்து நிக்கற எவனுக்கும் வேலை குடுக்க அவரால முடிஞ்சது இதனாலதான். மனசு மட்டும் இருந்தா நூறு பேருக்குச் சோறு போட முடியாதுங்க, வேலையை அவங்க கைக்கு எட்டற மாதிரி மாத்தணும்.

யூசுப் பாய், 7:09
மாஷா அல்லாஹ், கணேசன் தம்பி. கணக்கையும் சேர்த்துக்குங்க. 12 டஜன் செய்ய 10 பிராங்க் செலவு, வித்தா 60. இது கடைசி பாகத்துல, சாகறப்ப அவரே சொல்ற கணக்கு. ஸ்பெயின்காரங்க நிறைய வாங்கினாங்க.

மலர், 7:11
அரக்குன்னா நம்ம முத்திரை வெக்கிற அரக்கா?

கணேசன், 7:15
அதே சாதி. புரசு, இலந்தை மரக் கிளையில பூச்சி கட்டற பிசின். உலகத்துக்கு அதிகமா குடுக்கறது நம்ம நாட்டு ஜார்க்கண்ட் பக்கம்தான். கடைசி பாகத்துல மகளுக்கு எழுதற கடுதாசில செய்முறையே இருக்கு. ரெண்டு அங்குலச் சதுரத்துல சின்னப் பட்டடை, மெழுகை இளக்க ஒரு சாராய விளக்கு. கறுப்பு இரும்புச் சட்டத்துல கண்ணாடியை ஒட்டணும். இரும்பு நகைக்கு ஊதாக் கண்ணாடி, தங்கத்துக்குக் கறுப்பு.

மலர், 7:22
பணம் சேர்ந்த பிறகு என்ன செஞ்சார்?

சுந்தரம் சார், 7:30
1820-ல லாஃபித் வங்கியில அவர் பேர்ல 6,30,000 பிராங்க் இருந்துது. அதுக்கு முன்னாடியே ஊருக்கும் ஏழைகளுக்கும் பத்து லட்சத்துக்கு மேல செலவு பண்ணிட்டார். ஆஸ்பத்திரியில 10 படுக்கை. பையன்களுக்கு ஒண்ணு, பெண் பிள்ளைகளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பள்ளிக்கூடம். வாத்தியார்களுக்கு அரசாங்கச் சம்பளம் போக, அதைப்போல ரெண்டு மடங்கு தன் கையிலிருந்து. இலவச மருந்தகம், வயசான தொழிலாளிக்கு உதவி நிதி. மேயர் பதவியை 1819-ல வேண்டாம்னார், 1820-லதான் ஒத்துக்கிட்டார்.

ஊர் செழிச்சதுக்கு ஹ்யூகோ காட்டற சாட்சி வரி வசூல் செலவு. அது முக்கால் பங்கு குறைஞ்சுது. கையில காசு இருக்கிறவன் தானா வந்து கட்டிடுவான், அவன் பின்னாடி ஆள் அனுப்ப வேண்டாம் பாருங்க. நிதியமைச்சர் வில்லேல் இந்த வட்டாரத்தையே அடிக்கடி உதாரணம் காட்டினாராம்.

ஜெயந்தி டீச்சர், 7:48
இவ்வளவு நல்லவர் பட்டறையிலிருந்துதான் ஃபான்டீன்ங்கற கல்யாணமாகாத தொழிலாளிப் பொண்ணு தெருவுக்கு வந்தா. நாளைக்கு இதுல நான் அதிக நேரம் எடுத்துப்பேன், முன்னாடியே சொல்லிடறேன்.

அது படைவீரர் தங்கற ஊர். பெண்கள் கெட்டுப்போகக் கூடாதுன்னு அவர் பெண்கள் பட்டறையைத் தனியாப் பிரிச்சார், ஒழுக்கம் வேணும்னு விதி வெச்சார். ஆனா அந்தப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கல. பாதிரியார் சொன்ன ஒரு அம்மாவை மேற்பார்வைக்கு வெச்சு, உதவிப் பணத்தையும் அவ கையில குடுத்தார். அதுக்கு அவ கணக்கே காட்ட வேண்டாம். விக்தூர்னியேன்னு ஒரு கிழவி 35 பிராங்க் செலவழிச்சு மோன்ஃபெர்மேய்ங்கற ஊர் வரைக்கும் போய், ஃபான்டீனுக்குக் குழந்தை இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டு வரா. மேற்பார்வைக்காரி 50 பிராங்க்கை நீட்டி, மேயர் பேரைச் சொல்லி, ஊரைவிட்டே போன்னுட்டா. மேயருக்கு விஷயமே தெரியாது.

மலர், 7:53
அவரையே நேர்ல பார்த்துக் கேட்டிருக்கலாமே அவ?

ஜெயந்தி டீச்சர், 7:57
பாருன்னு சொன்னாங்க, அவளுக்குத் துணிச்சல் வரல. 50 பிராங்க் குடுத்ததால நல்லவர், துரத்தினதால நியாயவான்னு அவளே தீர்ப்பை ஏத்துக்கிட்டா. அந்த வரி என்னை உலுக்கிடுது மலர். அப்புறம் படைவீரர் சட்டை தைச்சு நாளைக்கு 12 சூ. சிறைக் கைதிங்களை வெச்சு வேலை வாங்கற குத்தகைக்காரன் கூலியை இறக்கினதும் 17 மணி நேரத் தையலுக்கு 9 சூ.

சுந்தரம் சார், 8:05
டீச்சர் சொல்ற ஓட்டைதான் கடைசியில ஊரையே கவிழ்த்துது. எல்லாம் ஒரே ஆள் கைக்குள்ள இருந்துது. 1823-ல அவர் பிடிபட்டதும் மேஸ்திரிங்க ஆளுக்கொரு முதலாளி ஆகிட்டாங்க, ஒருத்தரை ஒருத்தர் முந்தப் போட்டி. சரக்குல கலப்படம், நம்பிக்கை போச்சு. ஆர்டர் குறைஞ்சுது, கூலி இறங்கிச்சு, பட்டறை மூடினாங்க, திவால். நாலு வருஷம்கூட ஆகல, அதே வரி வசூல் செலவு ரெண்டு மடங்கு. 1827 பிப்ரவரியில அதே வில்லேல் சபையில அதைச் சொன்னார்.

யூசுப் பாய், 8:12
ஒரு சின்னத் திருத்தம் சார், அவர் கத்துக் குடுத்ததும் உண்டு. நெட்டில்னு அரிக்கிற செடி இருக்கே, இளசா இருந்தா கீரை, முத்தினா நார், மாட்டுக்குத் தீவனம், வேரை உப்போட சேர்த்தா மஞ்சச் சாயம்னு குடியானவங்களுக்குச் சொல்றார். தமிழ்ல படிக்கிறவங்க இதை நம்ம காஞ்சொறின்னு நினைச்சுப் பறிச்சுச் சமைச்சிடாதீங்க, அது வேற குடும்பம்.

மலர், 8:16
அப்பா கேக்கறார், 'ஏழை படும் பாடு' படம் இந்தக் கதைதானான்னு.

சுந்தரம் சார், 8:19
இதேதான், 1950. சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்ப்புக்கும் அதே பேர். நாகையா நடிச்சார். அதுல இன்ஸ்பெக்டர் ஜாவேரா வந்த சீதாராமனுக்கு 'ஜாவர்'ங்கறது பேரோடயே ஒட்டிக்கிச்சு.

கணேசன், 8:31
நாளைக்கு அரக்கு, சாராய விளக்கு, சின்னப் பட்டடை எடுத்துட்டு வரேன். ஒரு ஊதாக் கண்ணாடித் துண்டை ஒட்டிக் காட்டறேன். அரக்கை அதிகம் காய்ச்சினா நுரைச்சு ரப்பர் மாதிரி ஆயிடும், அப்புறம் உருகவே உருகாது. அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் இளக்கணும், அவசரப்படுத்தாதீங்க.

ஜெயந்தி டீச்சர், 8:34
டர்பன்டைன் கலக்கறப்ப விளக்கை அணைச்சிடுங்க கணேசன். மலர், நீ சீக்கிரம் வந்து ஜன்னலைத் திறந்து வை. மாலை 4 மணி, மாடி அறை.