மறு: மறு: ‘மாஸ்டர் காப்பி’க்குத் தமிழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

தருமபுரியிலிருந்து:

வணக்கம். நடுகல் மைப்படிகளை, அதாவது கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகளை, மின்னாக்கம் செய்வதற்கான பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. ஸ்கேனரிலிருந்து வந்தபடியே கைவைக்காமல் பூட்டி வைக்கும் டிஃப் (TIFF) படக் கோப்புக்கு என்ன பெயர்? வரைவில் ‘மூலப்படி’ என்று இருக்கிறது. ‘மூலப்படியின் ஓரத்தை வெட்டக் கூடாது’ என்றால் மாணவர் தாளைத்தான் நினைப்பார். தாளைப் பத்திரமாக வைத்துவிட்டு, டிஃப்பைத் திருப்பி, ஓரம் வெட்டி, அதே பெயரில் சேமித்துவிடுவார். ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஊரும் தேதியும் அதோடு போச்சு. மறுபடி எடுக்கத் தாளை மறுபடி விரிக்க வேண்டும். பழைய தாள் மடிப்பில்தான் கிழியும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, ‘மாஸ்டர்’ என்றே விடுங்கள். கணக்கைப் பாருங்கள்: 3 அடிக்கு 4 அடி மைப்படி, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 24 பிட் நிறம் என்றால் ஒரு கோப்பு சுமார் 467 எம்பி. 500 மைப்படிக்கு 233 ஜிபி. மூன்று இடத்தில் வைத்தால் 700 ஜிபி. சாம்பல் நிறத்தில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் பென்சில் குறிப்பையும் மைக்கறையையும் பிரித்துப் பார்க்க நிறம் வேண்டும். வட்டு நிரம்பும்போது எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்பது பார்த்தவுடன் புரிய வேண்டும். அங்கே யாரும் அகராதி புரட்டமாட்டார்கள்.

பென்னாகரத்திலிருந்து:

நமக்குச் சொல் இல்லையா என்ன? பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை எடுங்கள். முதியவராக வந்த சிவன், சுந்தரர் தன் அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் கிழித்தது படியோலை. அவையில் காட்ட வைத்திருந்தது மூலவோலை. கைக்குக் கை போவது ஒன்று, பூட்டி வைப்பது ஒன்று. நாம் கேட்கும் பாகுபாடு அப்படியே இருக்கிறது! ‘மூலம்’ வடசொல் என்று தயங்கினால் நன்னூலுக்கு வாருங்கள்: ‘முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்.’ பூட்டி வைப்பது முதற்படி, அதிலிருந்து பிறக்கும் ஜேபெக் (சுருக்கிய படக் கோப்பு) வழிப்படி. ‘படி’யும் வெறும் நகல் அல்ல. படிதல், மைப்படி எல்லாம் ஒரு வேர். கல்லின் மேல் தாள் படிந்ததால்தானே அது மைப்படி.

அரூரிலிருந்து:

வேர் அழகுதான் ஐயா, இடைஞ்சலும் அதுவே. கையேட்டில் வேலையைப் படிப்படியாகச் சொல்லியிருக்கிறோம். ‘முதற்படியைச் சரிபார்க்கவும்’ என்றால் முதல் கட்டத்தைச் சரிபார்ப்பதா, டிஃப்பையா? அதோடு தாளே மைப்படி. ஆகவே ‘படி’ தாளுக்கே இருக்கட்டும். கணினியில் இருப்பது கோப்பு. அதுவும் கோத்தல் வழி வந்த சொல்தான், ஓலையைக் கயிற்றில் கோத்த மரபுக்கு அந்நியமில்லை. சந்தூர்ப் பக்கம் மா நாற்றங்காலில் ‘தாய்மரம்’ என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. தாய்க்கோப்பு, சேய்க்கோப்பு.

பென்னாகரத்திலிருந்து:

உவமை பிழை, அம்மா. ஒட்டுக்கன்று தாய்மரத்தின் குணத்தைக் குறையாமல் கொண்டுவரும். ஜேபெக் அப்படியில்லை. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் நுணுக்கம் தேயும். தேய்ந்த எழுத்தின் கீறல்தான் முதலில் மறையும். அது சேய் அல்ல, வழி. மேலும் கணினியில் மேலே உள்ள கோப்புறையை ‘தாய் அடைவு’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள்; குழப்பம் வரும். முதற்கோப்பு, வழிக்கோப்பு என்பதே சரி.

ஊத்தங்கரையிலிருந்து:

சொல் ஒருபுறம் இருக்கட்டும். விவரப் பட்டியலில் மாவட்டத்துக்கு இரண்டு கட்டம் வையுங்கள். 1965 அக்டோபர் 2க்கு முன் எடுத்த மைப்படியில் எங்கள் ஊர் சேலம் மாவட்டம், 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி, பிறகு கிருஷ்ணகிரி. தாளில் உள்ளதை உள்ளபடி ஒரு கட்டத்தில், இன்றைய மாவட்டம் மறு கட்டத்தில். ஊர்க்காரர் சொல்லும் பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும். பல நடுகற்களை இங்கே வேடியப்பன் என்ற சாமியாகத்தான் கும்பிடுகிறார்கள். ‘நடுகல்’ என்று தேடினால் அகப்படாது. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வேண்டாம், எண் மட்டும். ‘கொ’வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு பெயர்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எண்ணுக்கு என் ஓட்டு. ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை ஸ்கேன் முடிந்த கையோடு எடுக்க வேண்டும், இரண்டாம் வட்டுக்குப் போன பிறகு அல்ல. நகலெடுக்கும்போது கெட்டுப்போன கோப்புக்கு எண் எடுத்தால், கெட்டதற்கே நற்சான்று கொடுத்ததாகிவிடும். எடுத்ததும் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். தாய்க்கோப்பு எனக்குச் சம்மதம், பக்கத்தில் ஒருமுறை ‘மாஸ்டர்’ என்று போட்டால்.

தருமபுரியிலிருந்து:

நேரமாகிவிட்டது. தாய்க்கோப்புக்கு என்னோடு சேர்த்து மூன்று பேர், முதற்கோப்புக்கு ஒருவர். ‘மூலம்’ இனித் தாளுக்கு மட்டும். அதில் எல்லாரும் ஒத்துப்போகிறோம். கையேட்டில் தாய்க்கோப்பு என்றும், முதன்முறை வரும் இடத்தில் மட்டும் மாஸ்டர் என்றும் போகிறது. ஜேபெக்குக்கு வழிக்கோப்பு, அங்கே பென்னாகரம் ஐயா சொல்வதுதான் சரி.

பென்னாகரத்திலிருந்து:

தாயும் வழியும் இணையாகாதே, ஐயா. தாய் என்றால் சேய், முதல் என்றால் வழி. இரண்டு மரபிலிருந்து பாதி பாதி எடுத்திருக்கிறீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடைவுகளுக்காவது 1, 2 என்று பெயர் வையுங்கள். அடுத்த பதிப்பில் சொல் மாறினால் வட்டைத் தொட வேண்டியிராது.