மறுமொழி: மோனோட்ரீம் – ஒற்றைப்புழையியா, முட்டையிடும் பாலூட்டியா?

மெல்பர்னிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் பிளாட்டிபஸ் (வாத்தலகு போன்ற அலகுடைய ஆஸ்திரேலிய விலங்கு) பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிளாட்டிபஸ் அடங்கிய மோனோட்ரீம் என்ற விலங்கு வகைக்குத் தமிழில் என்ன சொல் என்பது இன்னும் இழுபறியில் கிடக்கிறது. கோவை நண்பர் எழுதியிருந்தது:

> கிரேக்க மூலத்தின்படி 'ஒற்றைப்புழையி'. வேறு பேச்சுக்கே இடமில்லை.

மூலத்துக்கு நேரான சொல்தான். மலம், சிறுநீர், முட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வாயில் என்பதால் வந்த பெயர். ஆனால் கோழிக்கும் பல்லிக்கும் அதே அமைப்புதானே? இவ்வகையில் உலகில் இன்று எஞ்சியிருப்பவை பிளாட்டிபஸ் ஒன்று, முள் போர்த்த எக்கிட்னா நான்கு என ஐந்தே இனங்கள். பிற பாலூட்டிகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவது முட்டை. விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா 1799இல் அறிவியல் பெயர் சூட்டிய பிளாட்டிபஸ் முட்டையிடுகிறதா என்று ஐரோப்பிய அறிஞர்கள் தலைமுறைக் கணக்கில் சண்டையிட்டார்கள். 1884இல் வில்லியம் ஹே கால்டுவெல் (ஒப்பிலக்கணக் கால்டுவெல் வேறு) ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்திலிருந்து, முட்டையிடுகிறது என்று தந்தி அனுப்பிய பிறகுதான் அது ஓய்ந்தது. எனவே 'முட்டையிடும் பாலூட்டி' என்பதே என் வாக்கு.

மதுரையிலிருந்து:

அது விளக்கம், கலைச்சொல் அன்று. அதைவிட 'ஊட்டி' என்பதே எனக்கு உறுத்துகிறது. பிளாட்டிபஸுக்கு முலைக்காம்பே கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசிந்து மயிரை நனைக்கிறது. குஞ்சு அதை நக்கிக் குடிக்கிறது. உண் என்பதன் பிறவினை ஊட்டு. தாய் சும்மா படுத்திருக்க, பிறவினைக்கு இங்கே என்ன வேலை? 'பால்சுரப்பி' என்று மாற்றினால் என்ன?

யாழ்ப்பாணத்திலிருந்து:

பால்சுரப்பி ஏற்கெனவே ஓர் உறுப்பின் பெயர், ஐயா. அதைத் தொடவேண்டாம். போகிற போக்கில் 'குஞ்சு' என்று எழுதிவிட்டீர்களே, அதற்கு வருவோம். பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல், தவழ்பவற்றுக்கும் அவையே என்கிறது. ஐங்குறுநூற்றில் ஆமைக்குப் பார்ப்பு இருக்கிறது. முட்டையை உடைத்துக்கொண்டு கண் திறவாமல் வரும் இந்த உயிருக்கும் அது பொருந்தும். நல்ல சொல்லை ஏட்டிலேயே விட்டுவைப்பதா?

மெல்பர்னிலிருந்து:

பார்ப்பு எனக்கும் பிடித்த சொல். ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசும் பத்து வயதுப் பிள்ளைக்கு அதையும் கற்பித்து, விலங்கையும் கற்பிக்க ஒரு மணி நேரம் போதாது. 'குட்டி' என்று போடுகிறேன். பிள்ளைகள் துளைத்தெடுப்பது வேறு கேள்வி: கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு நீருக்குள் எப்படி இரை பிடிக்கிறது? இறாலின் தசை அசையும்போது எழும் மெல்லிய மின்புலத்தை அலகு பிடித்துவிடுகிறது. அதற்கு 'மின்னுணர்வு' என்றேன், எவரும் மறுக்கவில்லை. ஆணின் பின்னங்காலில் நஞ்சு செலுத்தும் கூர்முனை இருக்கிறதே, அதை, சேவலின் கால்முள்ளை வைத்து 'நச்சுமுள்' என்றிருக்கிறேன். தலைப்புச் சொல்லுக்குப் பெரும்பாலோர் 'முட்டையிடும் பாலூட்டி' என்றே எழுதியிருக்கிறீர்கள். அப்படியே அனுப்புகிறேன்.

கோவையிலிருந்து:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஒற்றைப்புழையியை முதலில் முன்வைத்தவன் என்ற முறையில் என் மறுப்பு பதிவாகட்டும். பாடத்தின் இரண்டாவது வரியிலேயே 'முட்டையிடும் பாலூட்டிகள் முட்டையிடுகின்றன' என்று எழுதவேண்டி வரும். அப்போது என்ன செய்வீர்கள்?