ரிசல்ட் வகைக்குத் தமிழ்: 'முடிவு' வேண்டாம், 'பெறுபேறு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் 'ரிசல்ட்' என்றொரு வகை உண்டு: ஒரு ஃபங்ஷன் (நிரலின் ஒரு வேலைத்துண்டு) தருவது சரியான மதிப்பாகவோ பிழையாகவோ இருக்கலாம் என்று சொல்வது. அதை 'முடிவு' என்றே சொல்லிவிடலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முந்தாநாள் எழுதியிருந்தார். அன்றிலிருந்து அதே யோசனைதான். அல்சூரில் ஞாயிறுதோறும் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நிரல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். இந்த வாரப் பாடமே ரிசல்ட்தான். அதனால் எனக்குச் சொல் அவசரமாக வேண்டும், பிள்ளைகள் வாயில் தங்குகிற சொல்லாகவும் வேண்டும்.

ஐயா, 'முடிவு' ஏற்கெனவே பல சுமை சுமக்கிற சொல். கடைசி என்றும் பொருள், தீர்மானம் என்றும் பொருள். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் எழில் மொழியில் நிரல்பாகத்தை மூடுகிற சொல்லே 'முடி'. ஒரே பக்கத்தில் முடி, முடிவு, முடிவெடு என்று வந்தால் புதிதாகப் படிப்பவர் திணறிப்போவார். 'விளைவு' நல்ல சொல்தான், ஆனால் அதைப் பக்கவிளைவுக்குக் கொடுத்துவிட்டோம். திரும்பப் பிடுங்க முடியாது.

ரிசல்ட்டின் இரு பக்கங்களுக்கும் 'வெற்றி, தோல்வி' என்று குழுவில் தங்கை ஒருவர் எழுதியிருந்ததைப் போன ஞாயிறு பிள்ளைகளிடமே சொல்லிப் பார்த்தேன். ஒரு பையன் சட்டென்று, "ஃபைல் இல்லைன்னா யாருண்ணா தோத்தாங்க?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கோப்பு காணாமல் போகும், நெட் அறும், வயது கேட்ட இடத்தில் ஒருவர் 'முப்பது' என்று எழுத்தில் தட்டுவார். யாரும் யாரையும் வெல்லவில்லை.

நாம் தேடுகிற சொல்லுக்கு இந்த இடம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். சி மொழியில் ஒரு ஃபங்ஷன் வேலை நடக்காவிட்டால் -1 தரும். அதைப் பார்ப்பதும் பாராததும் கூப்பிட்டவர் பாடு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கணக்கின் இருப்பைப் படிக்க முடியாதபோதெல்லாம் 0 என்று திருப்பித் தருகிற நிரல் ஒன்று இருந்தது. உண்மையிலேயே பணம் தீர்ந்தவருக்கும் 0, சர்வர் பதில் சொல்லாதவருக்கும் 0. ஒருநாள் சர்வர் படுத்துக்கொண்டது. 'என் பணம் எங்கே' என்று மக்கள் பதறியதை அன்று மாலை முழுக்கத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரல்கள் இன்னும் காதில் இருக்கின்றன. இருப்பு என்ற எண்ணும் 'படிக்க முடியவில்லை' என்ற செய்தியும் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருந்ததுதான் கோளாறு.

ஜாவா போன்ற மொழிகளில் பிழை நேர்ந்தால் எழும் எக்செப்ஷனை 'விதிவிலக்கு' என்கிறோம். பெயரே சொல்கிறது, அது விதிக்கு வெளியே நிற்பது. ரிசல்ட்டில் பிழை விதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஃபங்ஷனின் முதல் வரியைப் படித்தாலே 'எண் வரும், அல்லது இன்ன பிழை வரும்' என்று தெரிந்துவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எண்ணைத் தொட முடியாது. வந்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ரஸ்ட் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) எச்சரிக்கும். ஆகவே நமது சொல் நல்லதையும் அல்லாததையும் ஒரே தட்டில் ஏந்த வேண்டும்.

அப்படி ஒரு சொல் ஈழத்தில் புழக்கத்திலேயே இருக்கிறது: பெறுபேறு. நாம் தேர்வு முடிவு என்பதை அவர்கள் பரீட்சைப் பெறுபேறு என்பார்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் வருவது பெறுபேறுதான். திறந்து பார்க்கும்வரை எது என்று தெரியாது. பிள்ளைகளிடம் கன்னடத்து 'ஃபலிதாம்ஷ'த்தைச் சொல்லி, அதுபோல என்றேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

இலக்கணமும் கைகொடுக்கிறது. பெறு என்பது நீண்டு பேறு ஆகிறது, கெடு நீண்டு கேடு ஆவதுபோல. இரண்டும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்கள். ரிசல்ட்டுக்குள் சரியான மதிப்பை ஏந்தும் 'ஓகே'யைப் பேறு எனலாம். அப்படியானால் பிழையை ஏந்தும் 'எர்' கேடா என்று முதலில் எனக்கும் தோன்றியது. இல்லை, அது பிழையாகவே இருக்கட்டும். கையில் வாங்கிப் பார்த்த பிழையால் எதுவும் கெடுவதில்லை. அதோடு தமிழில் பிழை என்றால் தவறு, பிழைத்தல் என்றால் உயிர் தப்புவதும்கூட. பிழையைக் கையாண்டு நிரல் பிழைத்துக்கொள்கிறது! இந்தப் பொருத்தம் வேறெந்த மொழியில் கிடைக்கும்?

கேடு என்பதை, ரஸ்டில் நிரல் மேலே ஓட முடியாமல் நிற்கும் 'பேனிக்'குக்கு வைக்கலாம். பீதி என்று பெயர்ப்பதைவிட இது பொருந்தும், ஏனென்றால் அங்கே நிரலின் ஓட்டமே கெட்டு நிற்கிறது. ரிசல்ட்டைப் பிரித்து உள்ளிருப்பதை எடுக்கும் 'அன்ராப்' என்பதற்கு 'உடை' போதும். தேங்காயை உடைப்பதுபோல: உள்ளே பேறு இருந்தால் கிடைக்கும், பிழை இருந்தால் கேடு.

ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் ரிசல்ட்டைப் போலவே இருக்கும் 'ஐதர்' வகை பற்றி ஒரு சிறு சேதி. அதில் சரியான மதிப்பை வலப்பக்கம் வைப்பது வழக்கம். ஆங்கிலத்தில் வலதுக்கும் சரிக்கும் ஒரே சொல் என்பதால். தமிழில் வலம் என்றால் வலப்பக்கம், வெற்றி என்றும் பொருள். அந்தச் சிலேடையும் நமக்குத் தப்பவில்லை.

ரஸ்டின் கேள்விக்குறிதான் பாக்கி. 2016 நவம்பரில், ரஸ்ட் 1.13இல் வந்தது. ஒரு வரியின் முடிவில் கேள்விக்குறி போட்டால், பேறு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு மேலே நடக்கும், பிழை என்றால் அங்கேயே நின்று அழைத்தவரிடம் திருப்பித் தரும். எழிலில் ரிட்டர்னுக்குப் 'பின்கொடு' என்ற அழகான சொல் இருக்கிறதே. வாய்விட்டுப் படிக்கும்போது "பிழைன்னா பின்கொடு" என்று சொல்லிக்கொடுக்கலாமா? குறியைக் குறியாகவே விட்டுவிட்டு, படிக்கும் முறையை மட்டும் தமிழாக்குவது சரிதானா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பேறு என்றதும் மகப்பேறு நினைவுக்கு வருகிறது என்று அக்கா தனிமடலில் தயங்கினார். பேறுக்குப் பெற்றது என்பதே அடிப்படைப் பொருள் என்பதால் எனக்கு அது இடறவில்லை. ஆனாலும் 'பெற்றது, பிழைத்தது' என்று வினையாகவே வைக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். சனிக்கிழமை இரவு பாடத்தாளை அச்செடுக்கிறேன், அதற்குள் வந்தால் மாற்றிவிடுவேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூருவிலிருந்து