மகள் சட்ட இதழில் சேர்ந்திருக்கிறாள், விளக்கம் வேண்டும்

கேள்வி (சுங்கை சிப்புட்)

வணக்கம். தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். மகள் கோலாலம்பூரில் சட்டம் இரண்டாம் ஆண்டு. மாணவர்களே நடத்தும் சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இருக்கிறாள். லீவுக்கு வந்தவள், ஒரு பேராசிரியரின் கட்டுரையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துச் சிவப்புப் பேனாவால் அடிக்குறிப்புகளைத் திருத்துகிறாள். 1890இல் வந்த ஏதோ ஒரு கட்டுரையின் பக்க எண்ணுக்காக நேற்று இரவு ஒரு மணி வரை விழித்திருந்தாள். சம்பளம் கிடையாது. மாணவர்கள் பேராசிரியரைத் திருத்தும் இந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது? தடுக்க மனமில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில் 1

வேலைக்கு மனு போடும்போது உதவும் ஐயா. விடுங்கள், செய்யட்டும்.

பதில் 2 (தைப்பிங், வழக்கறிஞர்)

ஐயா, படிக்கும்போது நானும் இதே வேலை செய்தவள். ஆரம்பம் அமெரிக்காவில். 1875இல் ஆல்பனி சட்டப் பள்ளி மாணவர்கள் ஓர் இதழ் கொண்டுவந்தார்கள், ஒரு வருஷம்தான் ஓடியது. நிலைத்து நின்றது 1887 ஏப்ரலில் ஹார்வர்ட் மாணவர்கள் தொடங்கியது. அங்கே படித்து முடித்திருந்த லூயி பிராண்டைஸ் அதற்குப் பக்கபலமாக நின்றார். அவரும் சாமுவேல் வாரனும் 1890 டிசம்பரில் அதில் தனியுரிமை பற்றி எழுதினார்கள். உங்கள் மகள் தேடுவது அதுதான் என்று நினைக்கிறேன். நான்காம் தொகுதி, 193ஆம் பக்கம்.

அடிக்குறிப்பு பார்ப்பதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். தீர்ப்பை வாசிக்க நான் கற்றதே அதில்தான். ‘நீதிமன்றம் இப்படிச் சொன்னது’ என்று எழுதியிருப்பார்கள். எடுத்துப் பார்த்தால், தீர்ப்போடு உடன்படாத நீதிபதி சொன்னதாக இருக்கும். மேற்கோள் காட்டும் விதிகளை ஹார்வர்ட் மாணவர்கள் 1926இல் 26 பக்கக் கையேடாகப் போட்டார்கள். 2010இல் வந்த பதிப்பு 500 பக்கத்தைத் தாண்டிவிட்டது!

கிராணி என்றதால் இன்னொன்று. 1932இல், நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் மலாயன் லா ஜர்னலைத் தொடங்கிய பஷீர் மல்லாலும் வக்கீல் இல்லை, வக்கீல் அலுவலகத்தில் கிராணிதான். அது மாணவர் இதழ் இல்லை, ஆனால் நீதிமன்றத்தில் இன்றும் அதைக் காட்டித்தான் வாதாடுகிறோம்.

கேட்டவர்

ரொம்ப நன்றிம்மா. அவளிடம் காட்டினேன். பேராசிரியர் 139 என்று போட்டிருந்தாராம், எண் இடம் மாறிவிட்டது. சம்பள நாளுக்கு முன்னால் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், நானும் இப்படித்தான் பேர் பேராக, நாள் நாளாகச் சரிபார்ப்பேன். ஒரு நாள் விட்டுப்போனாலும் ஒருவருக்குக் கூலி குறையும். அப்புறம் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நான் எண்ணை வாசிக்க, அவள் டிக் போட்டாள். 62 அடிக்குறிப்பு முடிந்தது, இன்னும் 40 இருக்கிறது.